நண்டுக்குப் பின்னால் 84 கறுப்பு மணிகள்

அந்த நண்டை உங்களுக்குத் தெரியும். டி-ஷர்ட்டில் பார்த்திருப்பீர்கள், சாவிக்கொத்தில் பார்த்திருப்பீர்கள். தலையில் இரண்டு கொம்பு, நடுவில் இரண்டு சதுரக் கண், இரு பக்கமும் கொடுக்கு. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமொஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வீடியோ கேமில் வரிசைகட்டி இறங்கிவரும் விண்வெளிப் படையின் நடுவரிசைக்காரர். சுட்டு வீழ்த்தினால் 20 பாயின்ட்.

இப்போது அவரை எண்ணிப் பாருங்கள். அகலம் 11 பிக்சல், உயரம் 8 பிக்சல். அதில் ஒளிரும் புள்ளிகள் மொத்தமே 46! வெறும் 46 புள்ளியில் கண், கொம்பு, கொடுக்கு, கால், கோபம் எல்லாம் வந்துவிட்டன. அந்த விளையாட்டின் திரை கறுப்பு வெள்ளை. மேலே ஒட்டிய வண்ணத்தாள்தான் நிறம் கொடுத்தது. அதனால் நண்டுக்கு ஒரே நிறம் போதும். 46 பச்சை மணி, ஒரு முளைப் பலகை, ஓர் இஸ்திரிப் பெட்டி இருந்தால் அவர் உங்கள் மேசைக்கு இறங்கி வந்துவிடுவார்.

எப்படி வருகிறார் என்று பார்க்கத்தான் இந்த உலா. சுவரில் மாட்டிய மணிப்படத்தைப் பார்ப்பது ஒரு சந்தோஷம் என்றால், அதன் முதுகுப்பக்கத்தைப் பார்ப்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

முதல் அறிமுகம்: மணியும் முளையும்

ஒரு மணியை விரலில் எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் உயரம், 5 மில்லிமீட்டர் விட்டம், நடுவில் துளை. குட்டியான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, அவ்வளவுதான். ஸ்வீடனின் வெல்லிங்பியில் 1950களின் பிற்பகுதியில் குன்னார் க்னூட்சன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். முதியவர்களுக்கான கைப்பயிற்சியாக நினைக்கப்பட்ட பொருளைக் குழந்தைகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீடியோ கேம் பார்த்து வளர்ந்த குழந்தைகள் பெரியவர்களானபோது மணிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். இன்று டென்மார்க்கின் ஹாமா, அமெரிக்காவின் பெர்லர், சீனாவின் ஆர்ட்கல், ஐகியா கடைகளின் பிஸ்லா என்று பல பெயர்களில் இது கிடைக்கிறது. சின்னக் குழந்தைகளின் விரலுக்கு 10 மில்லிமீட்டரில் ஒரு குண்டு மணி உண்டு. பொறுமைசாலிகளுக்கு 2.5 மில்லிமீட்டரில் ஒரு பொடி மணி உண்டு. அதை ட்வீசரால்தான் எடுக்க முடியும்.

மணி உட்காரும் இடத்துக்குப் பெக் போர்டு என்று பெயர். சதுரப் பலகை முழுக்கச் சின்னச் சின்ன முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு மணி. பெரிய சதுரப் பலகையில் பக்கத்துக்கு 29 முளை, ஆக 841. பலகை முழுவதும் மணி நிரப்பினால் 14.5 சென்டிமீட்டர் சதுரப் படம் கிடைக்கும்.

அந்த 29ஐக் கவனித்தீர்களா? ஒற்றைப்படை எண்! அதனால் பலகைக்கு மிகச் சரியான ஒரு நடு முளை இருக்கிறது. நண்டின் அகலமும் ஒற்றைப்படை, 11. அவருடைய நடுக்கோடு பலகையின் நடுக்கோட்டில் அப்படியே பொருந்தும். அங்கே முதல் மணியை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டு போகலாம். இடது கொம்புக்கு ஒன்று வைத்தால் வலது கொம்புக்கு ஒன்று. ஐந்தாம் வரிசைதான் உச்சம். இடைவெளியே இல்லாமல் 11 மணி, கொடுக்கிலிருந்து கொடுக்குவரை. அதை வைத்து முடித்ததும் மேலே இருந்த நான்கு வரிசைகளும் சட்டென்று ஒரு முகமாகிவிடும். அதுவரை அவை வெறும் மணிகள்.

நண்டு எங்கே உடையும்?

திரைக்குப் பின்னால் இருக்கும் ரகசியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். திரையில் இருக்கும் நண்டை அப்படியே மணியில் வைத்து இஸ்திரி போட்டுப் பலகையிலிருந்து தூக்கினால், உடல் மட்டும் கையோடு வரும். இரண்டு கொம்பு நுனியும் இரண்டு பாதமும் பலகையிலேயே நின்றுவிடும். மொத்தம் ஆறு மணிகள் அநாதையாகிவிடும்.

காரணம் எளிய வடிவியல். திரையில் இரண்டு பிக்சல்கள் மூலைக்கு மூலை தொட்டால் போதும், கண் அவற்றைச் சேர்த்துப் பார்த்துவிடும். மணி வட்டமானது. அதற்கு மூலையே கிடையாது! மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு பக்கத்து அண்டைவீட்டு மணிகள் மட்டுமே அதைத் தொடுகின்றன. குறுக்காக இருக்கும் மணியின் மையம் 7 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகத் தூரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் வெறும் காற்று. உருகிய மணி அந்தக் காற்றைத் தாண்டி நம்பகமாகக் கை கொடுக்காது. நண்டின் கொம்பு நுனி அதற்குக் கீழே இருக்கும் மணியைக் குறுக்காகத்தான் பார்க்கிறது. பாதங்களும் அப்படித்தான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒளி ஊடுருவும் மணிகள். உடைகிற மூலைகளில் ஆளுக்கொன்றாக நான்கே நான்கு தெளிமணிகளை வைத்தால் நண்டு முழுசாக எழுந்துவரும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த நான்கும் கண்ணில் படாது. செய்தவருக்கு மட்டும் தெரியும், இந்தப் பிராணி எதன் பலத்தில் நிற்கிறது என்று!

இரண்டாவது வழி இன்னும் அழகு. நண்டுக்கு இரவு வானத்தையும் சேர்த்துச் செய்துகொடுப்பது. சுற்றிலும் ஒரு மணி ஓரம் விட்டால் 13க்கு 10 செவ்வகம், 130 மணி. அதில் பச்சை 46. மிச்சம் 84ம் கறுப்பு. எல்லோரும் நண்டைப் பார்த்துக் கைதட்டுவார்கள். அதைத் தாங்கிப் பிடித்திருப்பது அந்த 84 கறுப்பு மணிகள். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய யாருக்கும் கறுப்பு டப்பாதான் முதலில் காலியாகும். ஏன் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

மீசை எப்படி முளைத்தது?

அடுத்தவர் மாரியோ. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் குட்டி மாரியோ 12 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம். அந்த விளையாட்டு ஓடிய கருவியில் இப்படியொரு உருவத்துக்கு மூன்று நிறம்தான் அனுமதி. உங்கள் மேசையில் மூன்று கிண்ணங்களை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பழுப்பு, தோல்நிறம்.

பழுப்புக் கிண்ணத்திலிருந்து எடுத்து எங்கெல்லாம் வைக்கிறோம் என்று பாருங்கள். முடிக்குப் பழுப்பு. மீசைக்குப் பழுப்பு. கண்ணுக்குப் பழுப்பு. சட்டைக்கும் பழுப்பு, பூட்ஸுக்கும் பழுப்பு! ஒரே நிறம் ஐந்து வேலை பார்க்கிறது. தொப்பிக்கும் பேன்ட்டுக்கும் சிவப்பு. முகத்தின் தோல்நிறமே கீழே வந்து கைகளாகவும் பொத்தானாகவும் மாறிக்கொள்கிறது. திரையில் எத்தனையோ முறை பார்த்திருந்தாலும் இது கண்ணில் படாது. விரல் ஒவ்வொரு தடவையும் அதே கிண்ணத்துக்குத் திரும்பும்போதுதான் படும்.

மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோ, 1981இன் ‘டாங்கி காங்’ காலத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். அத்தனை சின்ன இடத்தில் வாயும் மூக்கும் தனித்தனியாக வரைய முடியாது. மீசை வைத்தால் மூக்கு தெரியும். முடி அசைவதைக் காட்ட இடமில்லை. தொப்பி போட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. கை வீசுவது தெரியவேண்டும் என்றால் சட்டையும் பேன்ட்டும் வேறு வேறு நிறமாக இருக்கவேண்டும். உலகமறிந்த அந்த மீசை இடப்பற்றாக்குறையில் முளைத்தது. ஒரு மீசை மணியை எடுத்துவிட்டுப் பாருங்கள். மூக்கு கரைந்து கன்னத்தோடு போய்விடும். திரும்ப வையுங்கள். மூக்கு வந்துவிடும்! ஒரே ஒரு மணி. இந்த வேடிக்கைக்காகவே பலகைமுன் உட்காரலாம்.

பிக்சல்களைக் கையால் யோசிப்பது மணிக்காரர்கள் மட்டும் செய்ததல்ல. 1984இல் வந்த முதல் மெக்கின்டோஷ் கணினியின் ஐகான்களை வரைந்த சூசன் கேர், முதலில் கட்டம்போட்ட தாளில்தான் வேலை தொடங்கினார். பக்கத்துக்கு 32 கட்டம். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. மொசைக்கும் ஊசித்தையலும் தெரிந்தவர் என்பதால் கட்டங்கள் அவருக்குப் புதிதில்லை. அவருடைய சிரிக்கும் கணினியை மணியில் செய்ய ஆசைப்பட்டால் ஒரு குறும்பான சிக்கல் வரும். பலகையில் முளை 29, அவருடைய கட்டம் 32. கட்டம் முழுவதையும் எடுக்கவேண்டுமென்றால் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோத்துக்கொள்ளவேண்டும். நல்லவேளை, பலகைகளின் ஓரத்தில் அதற்கான கொக்கிகள் இருக்கின்றன. நான்கைக் கோத்தால் பக்கத்துக்கு 58 முளை, 3,364 மணி. மேசையில் சாப்பாட்டுத் தட்டுக்கு இடம் கிடையாது!

நிறம் தேடும் படலம்

வீடியோ கேம் உருவங்களுக்குக் கட்டம் ஏற்கெனவே தயார். புகைப்படத்தை மணியாக்கவேண்டுமென்றால் கதை வேறு. அதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. படத்தைக் கட்டமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் கைவசமுள்ள மணிகளில் எது நெருங்கிய நிறம் என்று தேடிச் சொல்லும். சீனாவில் இப்போது பித்துப் பிடித்தாற்போல் பரவியிருக்கும் பொடிமணிக் கலையில் 221 நிறங்கள் கொண்ட தொகுப்பு ஒன்று சர்வசாதாரணம். அங்கே மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உட்கார்ந்து படம் செய்யும் கடைகளே இருக்கின்றன. 221 டப்பா! நினைத்தாலே கை பரபரக்கிறது.

டப்பாக்கள் குறைவாக இருந்தாலும் ஒரு பழைய தந்திரம் காப்பாற்றும். இரண்டு நிறங்களைச் சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி வைத்தால், தள்ளி நின்று பார்க்கும்போது இடைப்பட்ட மூன்றாவது நிறம் ஒன்று தோன்றும். இதைக் கணினி தானாகச் செய்வதற்கான ஒரு புகழ்பெற்ற முறையை ராபர்ட் ஃப்ளாய்டும் லூயி ஸ்டெயின்பெர்கும் 1976இல் வெளியிட்டார்கள். ஆனால் மென்பொருள் தருவதை வரைவாகத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். கண்ணில் விழும் ஒளிப்புள்ளியை அது அழுக்கென்று நினைத்து விட்டுவிடும். கன்னத்தில் தேவையில்லாமல் ஒரு சாம்பல் மணியைப் போட்டுவிடும். ஒளிப்புள்ளியைத் திரும்ப வைப்பதும் சாம்பலைப் பொறுக்கி எடுப்பதும் நம் வேலை. படத்துக்கு உயிர் வருவது அந்த இரண்டு மூன்று மணிகளில்தான்.

இங்கே இன்னொரு ரகசியம். வேலை நடக்கும்போது படம் மூக்குக்குக் கீழேயே இருக்கும். வெறும் மணிக்கூட்டமாகத்தான் தெரியும். மணிக்காரர்கள் அப்போது செல்போன் கேமராவைத் திறந்து அதற்குள் பார்ப்பார்கள். சின்னத் திரையில் படம் பளிச்சென்று எழுந்து நிற்கும்! கணக்குப்படி பார்த்தால், 5 மில்லிமீட்டர் மணிகள் கண்ணில் ஒன்றோடொன்று கலந்து மறைய ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். எந்த வீட்டு அறையிலும் அவ்வளவு தூரம் கிடையாது. ஆக, நாம் மணிகளைப் பார்த்துக்கொண்டேதான் மாரியோவையும் பார்க்கிறோம். மணி மறையவில்லை, மனசு முந்திக்கொள்கிறது.

சூடு!

இப்போது இதயம் வேகமாக அடிக்கும் பகுதி. பலகையில் இருப்பது இன்னும் படமில்லை. ஒரு தும்மல் போட்டால் சிதறிவிடும் மணிக்கூட்டம். அதைப் படமாக்குவது சூடு.

மணியின் பிளாஸ்டிக் பாலிஎத்திலீன் வகை. 110 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும் குணம் அதற்கு. அதனால் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் நடுத்தரச் சூடு போதும். நீராவி கூடாது. ஈரம் பட்டால் தாள் சுருங்கி மேடுபள்ளமாகும். மணிக்கும் பெட்டிக்கும் நடுவே கேக் சுடுவதற்குப் பயன்படும் பேக்கிங் பேப்பர். பெட்டியை அழுத்தாமல், ஒரே இடத்தில் நிறுத்தாமல், மெதுவாக வட்டம் வட்டமாகச் சுற்றவேண்டும். பெட்டியின் அடியில் நீராவித் துளைகள் இருந்தால் அந்த இடத்தில் சூடு படாது. சுற்றிக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குழந்தைகள் செய்யும்போது மணி வைப்பது அவர்கள் வேலை, பெட்டி பிடிப்பது பெரியவர்கள் வேலை.

தாளுக்கு அடியில் பாருங்கள், பாருங்கள்! முதலில் ஒன்றுமில்லை. பிறகு மங்கலாக நிறங்கள் தாளில் ஊறுவதுபோல் தெரியும். வட்டங்களின் ஓரம் தடிக்கும். துளைகள் சிறுக்கும். பக்கத்து மணிகள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைத்தேர்ச்சி. துளை தெரியும்போதே நிறுத்தினால் ஒவ்வொரு மணியும் தனித்துத் தெரியும் கோலத்தில் படம் நிற்கும். துளை மூடும்வரை விட்டால் சமதளமான, சதுரம் சதுரமான, அசல் பிக்சல் கிடைக்கும். எது சரி என்று மணிக்காரர்கள் வாதாடுவார்கள். இரண்டும் அழகு. துளை திறந்த படத்தை மாட்டும்போது மட்டும் சுவரின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும், அது அத்தனை துளை வழியாகவும் எட்டிப் பார்க்கும். வெவ்வேறு நிறுவன மணிகளை ஒரே படத்தில் கலந்தால் அவை வெவ்வேறு வேகத்தில் உருகும் என்பதையும் மறக்கக்கூடாது.

பெரிய படமென்றால் ஒரு சர்க்கஸ் வித்தை பாக்கி. அதிகச் சூட்டில் பலகையின் முளைகளும் வளைந்துவிடும். அதனால் மணிகள்மேல் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை வரிசையாக, ஓரம் ஓரத்தில் ஏறும்படி ஒட்டுவார்கள். பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மொத்தத்தையும் கவிழ்த்துப் பலகையைத் தூக்கிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான மணிகள் ஒரு பசைத்தாளை மட்டும் நம்பி நிற்கும் அந்தக் கணம் இருக்கிறதே! பலகையைப் பார்த்திருந்த பக்கத்தை முதலில் இஸ்திரி போட்டு, பிறகு டேப்பை உரித்து அடுத்த பக்கம். பலகையைப் பார்த்திருந்த பக்கத்தை முகமாக வைத்தால் படம் இடவலம் மாறும். மாரியோவுக்கு அது பரவாயில்லை, வேறு பக்கம் ஓடுவார். பெயர் எழுதியிருந்தால் எழுத்தை முதலிலேயே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வைக்கவேண்டும்.

சூடு ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். இஸ்திரி பட்ட பக்கம் மட்டும் இழுக்கும். விட்டுவிட்டால் வெயிலில் போட்ட அப்பளம்போல் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதனால் படம் சூடாக இருக்கும்போதே அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்கிவிடவேண்டும். வீட்டிலுள்ள தடித்த அகராதிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

தெருவுக்கு வந்த மணிகள்

மேசையோடு இது முடிவதில்லை. ஸ்வீடனின் யோஹன் கார்ல்கிரென் என்ற கலைஞர் ‘பப்பாஸ் பார்லோர்’ என்ற பெயரில் செய்யும் வேலையைப் பாருங்கள். வீடியோ கேம், கார்ட்டூன் பாத்திரங்களை மணியில் செய்து தெருவில் பொருத்தமான இடம் தேடி வைப்பார். நிஜமான குழாய், நிஜமான சுவர், நிஜமான புல். அவற்றில் பிக்சல் பிக்சலாக ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். மணி பிறந்த நாட்டிலேயே மணி இப்படித் தெருவில் இறங்கி விளையாடுகிறது என்பதில் எனக்குத் தனி ஆனந்தம்.

பேய் நடக்கட்டும்

கடைசியாக, செய்தே தீரவேண்டிய ஒன்று. 1980இல் தோரு இவாத்தானியின் ‘பேக்-மேன்’ விளையாட்டில் துரத்திவந்த பேய்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு, வானநீலம், ஆரஞ்சு என நால்வர். ஒவ்வொருவரும் 14க்கு 14.

தலையிலிருந்து வையுங்கள். முதல் வரிசையில் 4 மணி. அடுத்தது 8. அடுத்தது 10. பிறகு 12. முதல் அடியில் பக்கத்துக்கு இரண்டு, பிறகு ஒவ்வொன்று என்று கூட்டி, சதுரங்களை வைத்தே உருண்டைத் தலையை வரைந்துவிட்டார்கள்! இரண்டு வெள்ளைக் கண்களுக்குள்ளும் 2க்கு 2 நீலக் கருவிழி. அதை இடது பக்கம் நகர்த்தினால் பேய் இடது பக்கம் போக நினைக்கிறது. மேலே நகர்த்தினால் மேலே போக நினைக்கிறது. எட்டு நீல மணியில் ஓர் எண்ணம்! நண்டைப்போல் இங்கே குறுக்குச் சிக்கலும் இல்லை. எந்த மணியும் அநாதையாகாது.

இதே பேயை இரண்டு தடவை செய்யுங்கள். விளையாட்டில் அதற்கு இரண்டு நிலைகள் உண்டு. தலையும் கண்ணும் உடலும் ஒன்றுதான். அடியிலுள்ள அலை மட்டும் கடைசி இரண்டு வரிசைகளில் மாறும். இரண்டு பேயையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருப்பதைச் சட்சட்டென்று விலக்கி விலக்கி மூடுங்கள். பாவாடை படபடக்கும். பேய் மிதந்து வரும். 1980இன் அசைவுப்படம், மின்சாரமே இல்லாமல், உங்கள் விரல் வேகத்தில்!

திரைக்குப் பின்னால் போவது என்பது எனக்கு இதுதான். யாரோ சில பேர், ஒரு சின்னக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தப் புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தார்கள். மணி வைக்கும்போது அந்த முடிவுகள் அத்தனையையும் வரிசை மாறாமல் நம் விரல் திரும்ப எடுக்கிறது. மீசை ஏன், தொப்பி ஏன், கருவிழி ஏன் அங்கே என்று விரலுக்கே புரிந்துவிடுகிறது. பேயின் நீலக் கருவிழியை ஒரு முளை தள்ளி வைத்துப் பாருங்கள். இப்போது அது எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்கள்!